ஆற்றுக்குக் கிழக்கே

“ஆத்துக்குக் கெழக்கால கீற பேட்டைய திரும்பப் போடுங்க, அண்ணாச்சி.”

கிளையண்ட் வெட்டச் சொன்னதை ஏன் என்று கேட்கவே கூடாது. ராயபுரத்தில் அரிசி மண்டிக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஆபீசில் சேர்ந்த அன்றே ஜெபசிங் அண்ணாச்சி சிவந்திக்குப் போட்ட ஒரே சட்டம் அது. அதைத்தான் நடு ஹாலில் நின்று உடைத்தாள்.

அமெரிக்காவில் வீடு விற்கிறவர்களுக்கு ஊர் வரலாறு எழுதிக் கொடுப்பது அவர்கள் தொழில். இந்த வாரம் வில்லோபர்க் என்றொரு டவுன்ஷிப். ரயில் வந்தது, ரசாயன ஆலை வந்தது, ஆலையில் உழைத்த சனம் புகை அடிக்கிற பக்கமாக, ஆற்றுக்குக் கிழக்கே குடியேறியது. எல்லாம் எழுதியிருந்தாள். அந்தப் பேட்டைக்காரர் கர்ட்டிஸ், பஸ் டிரைவர், அவள் தகவல் கேட்டு எழுதியபோது மெயிலில் கேட்டிருந்தார்: ‘நிஜமாவே எங்களையும் எழுதுவீங்களா?’ எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

கிளையண்ட் சொன்னபடி அண்ணாச்சி வெட்டி, திரும்பி வந்த பக்கத்தில் கிழக்கே ஒரு ஈ காக்கா இல்லை. மேப்பில் பச்சையடித்து ‘இயற்கைச் சூழல்’ என்று போட்டிருந்தார்கள்.

“ஏழு கடலுக்கு அந்தாண்ட எவன் தெருவோ போனா ஒனக்கென்னம்மா?”

“மனுசங்க குடியிருக்காங்க அண்ணாச்சி. பச்ச அடிச்சா புல்லா மொளைச்சிருவாங்களா?”

பக்கத்து சீட்டு சபீஹா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏன், எம்மவ கல்யாணப் பத்திரிகைல மணலின்னா போட்டேன்? மாதவரம்னு போட்டேன். மாப்ள வீட்டுக்காரன் வந்து தின்னுட்டுத்தானே போனான்? ஊர்ல எல்லாரும் செய்யுறதுதான்.”

உண்மைதான். மணலியில் பெண்ணைப் பெற்றவர்கள் பலரும் பத்திரிகையில் மட்டும் மாதவரத்துக்குக் குடிபோய்விடுவார்கள். ஆலை நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடப்பது என்னவோ மணலியில்தான். சிவந்தியின் வீடும் அங்கேதான்.

“நாமளே நம்மூர மறைச்சிக்கினா நாத்தத்தைப் பத்தி எவன்கிட்ட போய் கேக்குறது? இல்லாத ஊர்ல எவனுக்கு மூச்சு முட்டும்?”

“லெக்சர் போதும். அந்த பஸ் டிரைவருக்கு ‘பக்கத்துல இடமில்ல’ன்னு ஒரு மெயில் தட்டிட்டு அடுத்த ஊர எடு. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுல தகடு தூக்குறவன் மவளுக்கு ஏசி ரூம்ல சீட்டு குடுத்தேன் பாரு!”

ஹாலில் ஒருத்தர் கையும் கீபோர்டில் இல்லை.

“எங்கப்பா தகடு தூக்கி எந்த ஊரும் காணாமப் போவல.”

உட்கார்ந்தாள். கர்ட்டிசுக்கு அடித்தாள்: ‘உங்கள் பேட்டையை வெட்டச் சொன்னது வீடு விற்கிறவர்கள். வெட்டியது நாங்கள். இடமெல்லாம் நிறைய இருந்தது.’ அனுப்பினாள்.

“ஏட்டி, யாருக்கு என்னத்த அனுப்புன?”

சிவந்தி பையை மாட்டிக்கொண்டு, அரிசித் தூசி படிந்த படிகளில் விறுவிறுவென்று இறங்கினாள்.