பிசிறில்லாத வெட்டு

பலகையில் 'மகள்' என்று எழுத வேண்டும் என்று அவள் கேட்டாள். "எதை வேணா கேளு, பலகையை மட்டும் கேக்காதடி" என்று அம்மா பள்ளிக்கூட நாளிலிருந்தே சொல்லி வைத்திருந்தாள். கடை வாசலில் தொங்கிய அந்த மரப்பலகையில் 'தந்தை மகன் சாணைக்கடை' என்று இருந்தது. மகன் சாணைக்கல்லைத் தொட்டு வருடக்கணக்காகிறது. தொட்டதெல்லாம் மகள்தான்.

அவள் சாணை பிடித்த கத்தியால் வெட்டிய பொருள், 'வெட்டியாச்சு' என்று யாராவது சொல்லும்வரை முழுசாகவே இருக்கும். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஆரம்பத்தில் எதிர்வீட்டு அக்கா, கத்தி வெட்டவே இல்லை என்று தக்காளியும் கையுமாகச் சண்டைக்கு வந்தாள். "வெட்டியாச்சுக்கா" என்று இவள் சொன்னதும் தக்காளி அக்காவின் உள்ளங்கையிலேயே வில்லை வில்லையாகச் சரிந்தது. அப்புறம் பழகிவிட்டது. சாப்பாட்டுக்கடைச் சமையல்காரர் மட்டும், தொண்டை கட்டிய நாட்களில் சர்வரைக் கூப்பிட்டுக் காய்கறிகளிடம் சொல்லச் சொல்வார்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள், அதுவும் உலோகவியலில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தேய்த்தால் விளிம்பின் மறுபக்கம் மெல்லிய பிசிறு சுருண்டு நிற்கும், லேசில் விடாது. அப்படியே கொடுத்தாலும் விரலுக்குக் கூராகத்தான் தெரியும். ஒரே வாரத்தில் பிசிறு மடங்கிக் கத்தி மழுங்கிவிடும். அப்பா அதை வேண்டுமென்றே விட்டுவைப்பார். அவளோ கத்தி சூடேறாமல் கல்லை நனைத்து நனைத்து, பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் தோல்வாரில் இழுத்துப் பிசிறை ஒழித்துவிடுவாள். வெட்டுப்பட்டது பொருளுக்கே தெரியாது. அந்தக் கத்திகள் மழுங்கவே இல்லை. அதைக் கேள்விப்பட்டு அடுத்தடுத்த தெருக்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கூர் அப்படியே நின்னா நம்ம வாசல்ல யாரு வந்து நிப்பா?" என்பார்.

"பலகையில ஏது இடம்?" என்றான் அண்ணன், செல்போனிலிருந்து தலையெடுக்காமல். "வேணும்னா பின்பக்கம் எழுதிக்கோ. சுவர் படிச்சுக்கும்."

"நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ, உனக்கு எதுக்கும்மா அது?" என்றார் அப்பா. "படிக்க வெச்சேன்ல, போதாதா?"

"படிக்க வெச்சீங்கப்பா. அதனாலதான் பலகையில நான் இல்லைன்னு படிக்க முடியுது."

அன்று காலையில் கடை திறந்தபோதே 'மகன்' என்ற சொல்லுக்கும் 'சாணைக்கடை' என்ற சொல்லுக்கும் நடுவில் மேலிருந்து கீழாகக் கத்தியால் ஒரே இழுப்பு இழுத்திருந்தாள். கேட்கவே இல்லையே என்று பிறகு யாரும் சொல்லிவிடக் கூடாது, அதற்காகத்தான் கேட்டதே.

வாசலுக்கு வந்து, பலகைக்குக் கீழே கையை ஏந்தினாள்.

"வெட்டியாச்சு."

'சாணைக்கடை' அவள் கையில் விழுந்தது. 'தந்தை மகன்' ஒரு பக்கமாய்ச் சாய்ந்து தொங்கியது. சாணை பிடிக்கக் கத்தியோடு வந்து காத்திருந்தவர் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் நடந்தாள். அவரும் பின்னாலேயே நடந்தார்.