ஜாமீன் கேட்காத பாஸ்போர்ட்

ஷியாமளாவின் பாஸ்போர்ட்டை மக்தூம் அவள் மேசைமேல் வைத்தார்.

"ஓமன் விசாவும் அடிச்சாச்சு மேடம். நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றார். சிரித்தார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, மகள் ஃபஸ்னாவின் கல்யாணப் பத்திரிகையை வைத்தார். "அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். லீவு பேப்பர்ல கையெழுத்துப் போட்டதுக்கு நன்றி மேடம்."

ஜாமீன் கேட்கவில்லை.

அல் குசைஸில் இருந்த அந்தக் கட்டடக் கம்பெனியில் கொத்தனார் முதல் இன்ஜினியர் வரை எல்லோருடைய பாஸ்போர்ட்டும் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். சாவி மக்தூமிடம். கீழக்கரைக்காரர், விசா, எமிக்ரேஷன் வேலையெல்லாம் அவர்தான். யாராவது பாஸ்போர்ட்டை வெளியே எடுத்தால், கம்பெனியில் இன்னொருவர் ஜாமீன் நிற்க வேண்டும். போனவர் திரும்பி வந்து பாஸ்போர்ட் பெட்டிக்குள் போகும்வரை, ஜாமீன் நின்றவர் நாட்டை விட்டு நகர முடியாது. வீட்டில் சாவு விழுந்தாலும் முடியாது. இந்த விதியை எழுதியவள் ஷியாமளா. பர்சனல் மேனேஜர். மேனேஜர்களில் ஒரே பெண்.

விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. திரும்பி வரக் கூடாத ஆளுக்கு ஜாமீன் கேட்பதில்லை.

ஒருவரை வேலையை விட்டு எடுக்க வேண்டும், வாய்ச்சண்டை வேண்டாம், லேபர் ஆபீஸ் வேண்டாம் என்றால் ஜெனரல் மேனேஜர், அதாவது ஜி.எம்., அந்த ஆளின் தோளில் கை போடுவார். ரொம்பக் களைத்துவிட்டாய், போய் ஓய்வெடு என்பார். ஆள் எல்லை தாண்டியதும் விசா ரத்தாகும். கார்மேகம் என்ற கொத்தனார் போன வருஷம் ராமநாதபுரத்திலிருந்து போன் செய்தார். "துபாய் ஏர்போர்ட்டுல வெளிய விடல மேடம். அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்கதானே ரெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு சொன்னீங்க?" விசாரிக்கிறேன் என்று சொல்லி ஷியாமளா போனை வைத்தாள்.

போன வாரம் ஜி.எம். அவள் அறைக்கு வந்திருந்தார். கையில் ஓர் அழைப்பு. ஆசிய, ஆப்பிரிக்கப் பெண் மேலாளர்களுக்குச் சோஹார் கடற்கரையில் ஓய்வும் தோழமையும். செலவு கம்பெனியுடையது.

"ரொம்பக் களைத்துவிட்டாய், ஷியாமளா" என்றார் அவர்.

மக்தூமிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பயந்தது தெரியும். தவிர, ஜாமீனுக்கு யார் நிற்பார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டால், சொல்ல அவளுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

புதன்கிழமை மாலை ஹோட்டல் பஸ் ஹத்தா எல்லையைக் கடந்தது. வெளியேறும் முத்திரை விழும் சத்தத்தை அவள் கேட்டாள். மற்ற பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஹோட்டல் வாசலில் வஞ்சிரு பிரம்புக் கூடையோடு நின்றாள். கென்யாக்காரி, நைரோபியில் ஒரு ஹோட்டல் நிறுவனத்தில் பெரிய பதவி. இந்த முகாமை நடத்துபவள். மொபைல், பேஜர் எல்லாவற்றையும் கூடையில் போடச் சொன்னாள்.

"இங்கே நீங்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை" என்றாள்.

ஷியாமளா போனைப் போட்டாள். கை லேசாக இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை கடலுக்கு எதிரே பாய் விரித்து எல்லோரையும் படுக்க வைத்தார்கள். கண்ணை மூடச் சொன்னார்கள். மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். ஷியாமளா கவனித்தது வேறு. இன்று வியாழன், வாரத்தின் கடைசி வேலைநாள். எமிக்ரேஷன் மதியம் வரை திறந்திருக்கும். ஒரு ரத்துக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். டைப்பிங் சென்டர், ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. அவளே எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறாள். மகள் அகிலாவின் விசா அவள் விசாவின் மேல் நிற்கிறது. கணவருக்கு ருவைஸ் ரிஃபைனரியில் கேம்ப் வாழ்க்கை. குடும்பம் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. தன் விசா விழுந்தால் மகளுடையதும் விழும். ஒன்பதாம் வகுப்பு நடுவில் அந்தப் பெண்ணை எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டு போய்ச் சேர்ப்பது?

பக்கத்துப் பாயிலிருந்து குறட்டை வந்தது. பிறகு நின்றது.

"நீ தூங்கலியாம்மா?" தமிழ்.

உம்மு ஹானி. காயல்பட்டினம். துபாயில் ஒரு வங்கியின் பெண்கள் கிளைக்கு மேனேஜர். ஐம்பதைத் தாண்டியவர். நேற்று இரவுச் சாப்பாட்டில் அறிமுகம்.

"தூக்கம் வரல அக்கா."

"எனக்கு எங்க போனாலும் வரும். அதுக்கு எதுக்குக் கடலு, பாயி, இங்கிலீசு? துட்டு வங்கி குடுக்குது, வந்தேன்."

வஞ்சிரு உதட்டில் விரல் வைத்தாள். உம்மு ஹானி கண்ணை மூடிக்கொண்டார்.

ஷியாமளா எழுந்து, கழிப்பறைக்குப் போவது போல ரிசப்ஷனுக்குப் போனாள். ஹோட்டல் போனில் தன் ஆபீஸ் அறையின் எண்ணைச் சுழற்றினாள். யாரும் எடுக்கக் கூடாது. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"ஹலோ, பர்சனல்."

அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் விஜயபாஸ்கர். கோயம்புத்தூர்.

"விஜயபாஸ்கர், நீங்க என் ரூம்ல என்ன பண்றீங்க?"

"அட, மேடமுங்களா! எங்க பக்கம் ஏசி ஓடலைங்க. அதான் உங்க சீட்டுல உக்காந்திருக்கேன். ஜி.எம்.தான் உக்காரச் சொன்னாருங்க."

"மக்தூம் இருக்காரா?"

"எமிக்ரேஷன் போயிருக்காருங்க. காலைல ஜி.எம். கூப்பிட்டுப் பேசினாரு, உடனே கிளம்பிட்டாரு. ஏனுங்க மேடம், ஏதாச்சும் அவசரமுங்களா?"

"இல்ல."

"நீங்க ஒண்ணையும் யோசிக்காதீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க."

ரிசீவரை வைத்த பிறகும் அவள் அதைப் பிடித்தபடியே நின்றாள். ரிசப்ஷன் பையன், மேடம் இன்னொரு கால் வேண்டுமா என்றான். வேண்டாம் என்று தலையசைத்தாள். ஹோட்டல் பஸ் நாளை மாலைதான். டாக்ஸி எல்லை வரை போகும், தாண்டாது.

உம்மு ஹானி காரில் வந்திருந்தார். அது நினைவு வந்தது.

தோட்டத்தில் அவரைப் பிடித்தாள். சுருக்கமாகச் சொல்ல நினைத்தாள். பாஸ்போர்ட், ஜாமீன், ஜி.எம்., விஜயபாஸ்கர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

"உனக்குச் சந்தேகமா, நிச்சயமா?" என்றார் கடைசியில்.

"இப்படித்தான் செய்வோம் அக்கா. நான்தான் செய்வேன். எனக்குத் தெரியாதா?"

"ரத்து ஆயிருந்தா இப்ப போயி என்ன பிரயோசனம்?"

"ஆகாம இருந்தா, ஆகறதுக்கு முன்னாடி உள்ள போயிடணும். உள்ள இருந்தா பேசலாம். நோட்டீஸ் குடுக்கணும், கணக்கு முடிக்கணும். வெளிய இருந்தா பேச வாயே கிடையாது."

"ரத்து ஆயிருந்தா?"

"ரெண்டு சாவடிக்கும் நடுவுல நிக்கணும். ஓமன்ல வெளிய போனதா முத்திரை விழுந்திருக்கும். அந்தப் பக்கம் விட மாட்டான்."

உம்மு ஹானி முக்காட்டைச் சரிசெய்தார். "நின்னா ரெண்டு பேருமா நிப்போம். பைய எடு. யல்லா, கிளம்புவோம்."

"உங்க மூணு நாள் வீணாப் போகுமே அக்கா."

"தூங்கத்தானே வந்தேன். தூங்கியாச்சு."

வஞ்சிரு கூடையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். முகத்தில் கோபம் இல்லை. வருத்தம்தான்.

"நீ இன்னும் வந்தே சேரவில்லை. அதற்குள் கிளம்புகிறாயே" என்றாள். உம்மு ஹானியைப் பார்த்தாள். "உங்கள் போன்?"

"அது என் மருமகனோட பழைய போன். அது ஓடாது. நீயே வச்சிக்க" என்று உம்மு ஹானி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தன் போனைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வஞ்சிருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷியாமளாவுக்கு வரவில்லை.

வழியெல்லாம் உம்மு ஹானி பேசிக்கொண்டு வந்தார். வங்கியில் ஆண்கள் கிளை மேனேஜர் தன்னை எட்டு வருஷமாக 'சகோதரி' என்று கூப்பிடுவதாகவும், மேனேஜர் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்றும் சொன்னார். ஷியாமளா உம் கொட்டினாள். மலைகள் காய்ந்து கிடந்தன. அவள் பாஸ்போர்ட்டைத் திறந்தாள். விசா முத்திரை அப்படியே இருந்தது. இருக்கத்தான் செய்யும். கார்மேகத்தின் பாஸ்போர்ட்டிலும் இருந்தது. ரத்து கம்ப்யூட்டரில்தான் விழும்.

ஓமன் சாவடியில் நேரம் ஆகவில்லை. முத்திரை விழுந்தது. இனி திரும்ப முடியாது.

எமிரேட்ஸ் சாவடியில் வரிசை இருந்தது. உம்மு ஹானியை முதலில் அனுப்பினார்கள். அவர் தாண்டிப் போகாமல் கவுண்டர் ஓரத்திலேயே நின்றார். காவலர் ஒருவர் நகரச் சொன்னார். தங்கை வருகிறாள் என்று அரபியில் சொன்னார் உம்மு ஹானி. காவலர் ஷியாமளாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், உம்மு ஹானியின் முக்காட்டைப் பார்த்தார், விட்டுவிட்டார்.

அதிகாரிக்கு இளம் வயது. பாஸ்போர்ட்டை விரித்து எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். மறுபடி தட்டினார். பக்கத்து அதிகாரியிடம் ஏதோ கேட்டார். அவர் எட்டிப் பார்த்தார். கார்மேகம் இப்படி ஒரு கவுண்டருக்கு முன்னால்தான் நின்றிருப்பார் என்று ஷியாமளாவுக்குத் தோன்றியது. அவரோடு யார் நின்றார்கள்?

"நேற்றுதானே போனாய்?" என்றார் அதிகாரி.

"ஆமாம்."

"சோஹார் பிடிக்கவில்லையா?"

அவள் அவர் கையிலிருந்த முத்திரையைப் பார்த்தாள்.

முத்திரை விழுந்தது.

ஹத்தாவில் ஒரு மலையாளி கஃபட்டீரியா. உம்மு ஹானி இரண்டு டீ சொன்னார். டீ வருவதற்குள் ஷியாமளா பிளாஸ்டிக் நாற்காலியில், சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். உம்மு ஹானி எழுப்பவில்லை. தன் டீயைக் குடித்தார். அவளுடையதில் ஆடை படிந்தது.

போன் அடித்துத்தான் விழித்தாள்.

"மேடம்?" மக்தூம். மூச்சு வாங்கியது. "எங்க இருக்கீங்க?"

"ஹத்தால."

"ஹத்தாலயா? உள்ள வந்தாச்சா?"

"வந்தாச்சு. ஏன்?"

"அல்ஹம்துலில்லாஹ்." நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. "நீங்க போன் பண்ணீங்கன்னு விஜயபாஸ்கர் சார் சொன்னாரு. ஜி.எம்.மோட டிரைவருக்கு விசா புதுப்பிக்கப் போயிருந்தேன். வந்ததும் சோஹாருக்கு அடிச்சேன். மேடம் பையோட கிளம்பிட்டாங்கன்னான். பஸ் நாளைக்குத்தானே? மஸ்கட் போயி ஊருக்கே ஏறிட்டீங்களோன்னு... தப்பா நினைச்சிக்கிடாதீங்க மேடம். வேலையில உங்களுக்கு இருக்கிற தொந்தரவு எனக்குத் தெரியும்ல."

"நான் ஓடிப் போனா உங்களுக்கு என்ன மக்தூம்?"

"ஜாமீன் நான்தானே மேடம்."

ஷியாமளா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு அடுத்த வாரம் பொண்ணு கல்யாணம்."

"ஆமா மேடம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா முதல்ல யாரைக் கேட்டீங்கன்னு கேப்பீங்க."

"யாரைக் கேட்டீங்க?"

"விடுங்க மேடம்."

"விஜயபாஸ்கரையா?"

"எல்லாரையுந்தான் மேடம்" என்றார் மக்தூம். "ஒரு லேடிக்கு எப்படி ஜாமீன் நிக்கிறதுன்னு சிரிச்சாங்க. சனிக்கிழமை பாஸ்போர்ட்டை மறக்காம கொண்டாந்துருங்க. பெட்டியில வச்சிர்றேன்."

போனை மேசைமேல் வைத்தாள்.

"வேலை போச்சா?" என்றார் உம்மு ஹானி.

"இல்ல."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

ஷியாமளா சொன்னாள். கேட்டு முடித்த உம்மு ஹானி இன்னொரு டீக்குக் கை காட்டினார்.

"அடுத்த முகாம் ஆறு மாசத்துல இருக்காம். வர்றியா?"

"ஜாமீனுக்கு ஆள் வேணும் அக்கா."

"நான் நிக்கிறேன்."

"கம்பெனி ஆளாத்தான் இருக்கணும். அதான் விதி."

"எந்த மடையன் எழுதினான் அத?"

டீ வந்தது. சூடாக இருந்தது. ஷியாமளா பையைத் திறந்து, பாஸ்போர்ட் உள்ளே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நான்தான்."