ஒர்சோலாவின் பெயரை ஜூலி தைத்தாள்

இத்தாலியில், வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் இருக்கிற கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில், நானூறு வருடத்துக்கு முன் சூனியக்காரிகள் என்று பிடித்து அடைத்த பெண்களின் பெயர்களைப் பெரிய வெள்ளைத் துணியொன்றுக்காகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சிஞ்ஞோரா லொரெத்தானா என்ற இத்தாலிய அம்மாவின் ஏற்பாடு. ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு பெயர்; பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்துவார்கள். அவர் வீட்டில் வேலை செய்கிற அகஸ்ரீனா நன்றாகத் தைப்பாள் என்று அவளையும் கூட்டி வந்திருந்தார். உள்ளே வந்து பார்த்தால் எதிர்க் கதிரையில் ஜூலி.

ஜூலிக்குத் தையலும் வராது, வெட்கமும் வராது. 'ஒர்சோலா' என்ற பெயரின் முதல் எழுத்தையே கோழி கிளறினமாதிரித் தைத்துவிட்டு, "பாவங்கள், என்ன பாடு பட்டிருக்குங்கள்," என்று பக்கத்திலிருந்த தமிழ்ப் பெண்களிடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

நாலு வருடத்துக்கு முன் இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில் இருந்தன. ஜூலியின் புருசன் றெஜி நிறைவெறியில் படியில் உருண்டு காலை முறித்தான். அன்றைக்கென்று அகஸ்ரீனாவின் பை கிழிந்து, வுச்சீரியாச் சந்தையில் வாங்கிய தேசிக்காயில் ஒன்று படிக்குக் கீழே ஓடிப்போயிருந்தது. அதைக் கண்டெடுத்த ஜூலி, செய்வினைத் தேசிக்காய் என்று பூசைக்கு வந்த சனம் முழுவதுக்கும் காட்டினாள். றெஜி குடித்த போத்தலை ஒருவருக்கும் காட்டவில்லை. அதோடு திருநாள் சமையலில் அகஸ்ரீனாவைச் சேர்க்கவில்லை. ஒரு ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோன பலகாரத்தை அவள் கண்முன்னாலேயே ஒதுக்கி வைத்தார்கள். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊரான பகேரியாவுக்கு வீடு மாறிப் போனாள்.

தைத்து முடிய, அவரவர் தைத்த பெண்ணைப் பற்றி இரண்டு வசனம் பேசச் சொன்னார் சிஞ்ஞோரா. ஜூலி எழும்பினாள்.

"பக்கத்து வீட்டுக்காரி சொன்ன பொய்யால்தான் ஒர்சோலாவைப் பிடித்தார்கள்," என்று இத்தாலியனில் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

அகஸ்ரீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனக்கா சிரிக்கிறியள்?" என்று ஜூலி தமிழில் சீறினாள்.

"இத்தாலியனிலை கேளும். எல்லாருக்கும் விளங்கட்டும்."

ஜூலி கேட்கவில்லை. அகஸ்ரீனாவே தேசிக்காய்க் கதையைத் தொடக்கத்திலிருந்து இத்தாலியனில் சொன்னாள். தமிழ்ப் பெண்கள் எல்லாருக்கும் திடீரென்று ஊசியில் நூல் கோக்கிற வேலை வந்துவிட்டது. பலகாரத்தை ஒதுக்கின கைகள்தான்.

"ஆக்கள் சொன்னதைத்தானே நானும் சொன்னனான்," என்று ஜூலி முணுமுணுத்தாள்.

சிஞ்ஞோராவுக்கோ முகமெல்லாம் பூரிப்பு. "அற்புதம்! உன் பெயரையும் நடுவில் வைப்போம், அகஸ்ரீனா. ஜூலியே தைக்கட்டும். எவ்வளவு அழகான சமாதானம்!"

அகஸ்ரீனா இரண்டுபேரையும் ஒரே பார்வை பார்த்தாள். "நான் இன்னும் சாகவில்லை, சிஞ்ஞோரா. மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் இருக்கிறது. துணி எதற்கு?"

ஜூலி ஒர்சோலாவின் துண்டை மடிக்கத் தொடங்கினாள். அகஸ்ரீனா தான் தைத்த துண்டை மேசையில் வைத்தாள். அதில் பெயர் இருந்த செத்துப்போன பெண்ணோடு அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தாள்.

துணியைக் கோவிலில் தொங்கவிட்ட அன்று ஜூலி முன்வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டாளாம். அகஸ்ரீனா போகவில்லை. அடுத்த நாள், மண்டபத்தில் நூல் கோத்தவர்களில் ஒருத்தியான கிளறா அவளுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, அது பொய்யெண்டு எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப வாயுக்கை என்ன வைச்சிருந்தனீர்?" என்று கேட்டாள் அகஸ்ரீனா. பதிலுக்கு நிற்காமல் போனை வைத்தாள்.