தட்டில் வைத்த சர்க்கரைத் தண்ணீர்

கல்குவாரித் தூசி என் வீட்டுக்காரரின் நுரையீரலைப் பாதி தின்றுவிட்டது. இனிமேல் அங்கே கால் வைத்தால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தேனீ வளர்க்க ஆரம்பித்தோம். நான்கு பெட்டிகளில் மூன்றைக் குளவிகள் காலி செய்துவிட்டன. கடைசிப் பெட்டியும் போனால் திரும்பவும் குவாரிதான்.

குளவிகளின் அட்டூழியத்தைப் பார்த்தால் வயிறு எரியும். பெட்டி வாசலிலேயே காத்திருந்து தேனீயைக் கவ்வும். தலையையும் இறக்கையையும் கடித்துப் போட்டுவிட்டு, நடு உடம்பை மட்டும் தன் குஞ்சுகளுக்குத் தூக்கிப் போகும். குஞ்சுகளுக்குக் கறி வேண்டும்; தேனீ கறியைத் தொடாது. அதனால் ஈரல் துண்டில் பூச்சிமருந்து தடவித் தொங்கவிட்டோம். குளவிகளே அதைக் கொண்டுபோய் ஊட்டித் தங்கள் குடும்பத்தைக் கூண்டோடு ஒழிக்கட்டும் என்று கணக்கு.

ஆனால் அது குளவிகளின் பருவம் முடிகிற நேரம். கூட்டில் குஞ்சுகள் குறைந்துவிட்டன போல. ஈரல் நாறித் தொங்கியது, ஒரு குளவியும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இனிப்புக்குத்தான் அலைந்தன.

அன்று தண்ணீர் பிடித்துவிட்டு வந்தால், மனுஷர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தட்டை வைத்துவிட்டு நிற்கிறார். முகத்தில் அத்தனை பெருமை.

"கறி வேணாம்னா சக்கரையைத் தின்னட்டும். மருந்து கலந்து வச்சிட்டேன். பாரு, எப்படி மொய்க்குது."

மொய்த்ததில் பாதி எங்கள் தேனீ.

"ஏங்க, புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? சக்கரையைக் கண்டா நம்மளது சும்மா விடுமா?"

தட்டைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அமுக்கினேன். குடித்த தேனீக்கள் அதற்குள் பெட்டிக்குப் பறந்துகொண்டிருந்தன. குடித்ததைத் தேனீ தனக்கென்று வைத்துக்கொள்ளாது. வாய்க்கு வாய் ஊட்டும், ராணி வரைக்கும் போய்ச் சேரும். கையில் கிடைத்த துணியை வாசலில் திணித்தேன்.

"என்ன பண்றே? வெளிய நிக்கிறதெல்லாம் நம்ம புள்ளைங்க."

"உள்ள இருக்கிறதும்தான்."

திரும்பி வந்தவை துணியில் மோதி மோதித் தரையில் சுருண்டன. அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"நாலஞ்சுதான் உள்ள போயிருக்கும். அதுல என்ன ஆயிடப்போகுது, இல்ல?"

"ஒண்ணும் ஆகாது" என்றேன். ஆகும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

சாயங்காலம் துணியை எடுத்தோம். மிச்சமிருந்த தேனீக்கள் செத்த ராணியை வெளியே இழுத்துவந்து போட்டன. பின்னாலேயே செத்த குஞ்சுப் புழுக்களையும் ஒவ்வொன்றாக. நான் உட்கார்ந்து அழுதேன்.

அவர் போனை எடுத்தார். பிடுங்கப் போனேன்.

"வேற வழி இருந்தா சொல்லு, வச்சிடுறேன்."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"மேஸ்திரி, நான்தான். நாளைலேர்ந்து குவாரிக்கு வரேன்."

"இருமல் எப்படி இருக்கு?" என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது.

"அது சுத்தமா போயிடுச்சுங்க."

சொல்லி முடிக்கவில்லை, போனை என் கையில் திணித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் சரிந்தார்.

"ஹலோ, யாரு அங்க இப்படி இருமுறது?" என்றார் மேஸ்திரி.

"பக்கத்து வீட்டுக்காரருங்க" என்றேன்.