அனுமதி வராத குழி

கிழக்கு வெளுப்பதற்கு முன்னமே மண்வெட்டிகள் இறங்கிவிட்டன. ஒரு மனையில் மட்டுமல்ல, தெரு நெடுகவும்தான். இந்தப் பக்கம் ஒரு குழி, எதிர்ப்பக்கம் ஒரு குழி, மூலை திரும்பினால் இன்னொன்று. ஊருக்கு அடியில் புதையல் இருக்கிறதென்று யாரோ கிளப்பிவிட்டது போல நகரமே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. புதையலாவது ஒன்றாவது! அடுத்த மாதம் புதுச் சட்டம் வருகிறது. அது வந்தால் குறுகலான தெருவில் மாடி குறையும், மனையைச் சுற்றிக் கூடுதலாக இடம் விட வேண்டும். அதற்குள் கட்டட அனுமதி வாங்கி அஸ்திவாரமும் போட்டுவிட்டவர்களுக்குப் பழைய சட்டமே செல்லும். அதனால் மனை வைத்திருந்தவர்கள் எல்லோரும் அனுமதி அலுவலகத்தில் ஒரு காலும் குழியோரத்தில் ஒரு காலுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். குழிக்குள் இரண்டு காலையும் வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

அந்த ஆட்களில் ஒருத்தியை வேலைத்தளத்தில் 'வாயாடி' என்று கூப்பிடுவார்கள். அவளும் அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. தலையில் சும்மாடு, அதன்மேல் ஈரக் களிமண் நிறைந்த இரும்புச் சட்டி, கழுத்து நரம்பு புடைத்து நிற்கும். அப்போதும் பேச்சு நிற்காது. குழியின் ஆழத்தில், பக்கத்து வீட்டு மதிலை ஒட்டினாற்போல் மண் வெட்டிக்கொண்டிருந்தவர் அவள் புருஷன். பேச வேண்டியதையெல்லாம் பெண்டாட்டி பேசிவிடுவதால் அவருக்குப் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. முழங்கால் வரை சேற்றில் நின்று ஓங்கி வெட்டுவார். ஒவ்வொரு வெட்டுக்கும் சாக்கடை நாற்றம் கிளம்பும்.

“சேதி கேட்டீங்களா?” என்று மேலிருந்து குரல் கொடுத்தான் ரேடியோ. கம்பி வளைக்கிறவன். டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வந்து நாள் முழுக்க ஒலிபரப்புவதால் அந்தப் பெயர். “நம்ம நகரத்துல கட்டட அனுமதி கேட்டு மனு குவியுதாம். இதுவரைக்கும் இப்படி ஏறினதே இல்லையாம். கட்டுமானத் தொழில் எழுந்து நிக்குதுன்னு போட்டிருக்கான்.”

“அது எழுந்து நிக்கட்டும். எனக்கு இடுப்பு எழ மாட்டேங்குதே, அதைப் போடச் சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வேலை நடந்தால் கூலியும் ஏறியிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். நியாயந்தான். ஆனால் வேலை குவிகிறதென்று கேள்விப்பட்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். 'நீ வரலைன்னா அவன் வர்றான்' என்று சொல்லிச் சொல்லியே கூலியைக் குறைத்துவிட்டார்கள். இந்த மாதம் முடிந்தால் புது அனுமதிகள் அடியோடு படுத்துவிடும், அப்புறம் எத்தனை மாதம் சும்மா கிடக்க வேண்டுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் குறைந்த கூலிக்கும் யாரும் வாயைத் திறக்கவில்லை. வாயாடியே திறக்கவில்லை.

வெயில் ஏறியபோது கட்டட வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளி வந்தார். மேஸ்திரி தயங்கித் தயங்கிப் போய் நின்றார்.

“ஐயா, மதில் ஓரத்து மண்ணு இளகியிருக்கு. முட்டுக் கொடுத்துட்டு வெட்டினா நல்லது.”

“அதுக்கெல்லாம் நேரம் ஏது மேஸ்திரி? இன்னைக்கு ஒரு நாள் பார்த்து வெட்டுங்க.”

“அனுமதி வந்துடுச்சுங்களா?”

“வந்த மாதிரிதான். நீங்க வேலையைப் பாருங்க.”

வாயாடி மேட்டில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஏதோ பெரிய மூட்டையைக் கீழே போட்டது போலச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். திரும்பினால் குழியில் பாதியைக் காணோம். புருஷனையும் காணோம்.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மண்வெட்டியால் தோண்டினால் ஆள்மேல் பட்டுவிடுமென்று எல்லோரும் வெறுங்கையால் பறித்தார்கள். நகம் பிய்ந்தது, ரத்தமும் சேறும் ஒன்றாகியது. முதலில் தலைமுடி தெரிந்தது, அப்புறம் மூக்கு. மேஸ்திரி வாயில் விரலை விட்டு மண்ணை வழித்தார். மூச்சு வந்தது. ஆனால் தூக்கியபோது இடுப்புக்குக் கீழே நனைந்த துணி மாதிரித் துவண்டு தொங்கியது.

வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பும்போது அவள் தலையை வெளியே நீட்டி, “அந்தக் குழியை மூடிடுங்க, யாரும் இறங்காதீங்க!” என்று கத்தினாள்.

மண் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆளை விழுங்கப் பார்த்த குழியைப் பொழுது சாயும்வரை திறந்து வைக்க மாட்டார்கள். வைத்தால் இன்னொரு ஆளைக் கேட்கும் என்பார்கள். நம்பிக்கையோ பயமோ, எதுவானாலும் அதில் ஒரு அக்கறை இருந்தது. அவள் சொன்னபடியே மூடினார்கள். மூடியதோடு விட்டார்களா? வேலை சுத்தமாக இருக்க வேண்டுமென்று தண்ணீர் தெளித்து, மிதித்து, மட்டம் பார்த்துத் தட்டிவிட்டு வந்தார்கள். நல்லவர்கள் செய்கிற தப்பு இப்படித்தான் இருக்கும், பாவிகள் செய்வதைவிடக் கச்சிதமாக!

மறுநாள் ஆஸ்பத்திரி நடையில் முதலாளி பழப்பையோடு வந்து நின்றார். முதுகெலும்பில் அடி, அறுவை செய்ய வேண்டும், கால் வருமா வராதா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்க் கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது.

“கவலைப்படாதம்மா. ஆஸ்பத்திரிச் செலவு என் பொறுப்பு” என்றார் முதலாளி. குரலில் பாகு வடிந்தது. “ஒண்ணே ஒண்ணு. நாளைக்குப் போலீஸ்காரர் விசாரிக்க வருவார். வீட்டுப் படியில வழுக்கி விழுந்தார்னு சொல்லிடு.”

“எங்க வீட்டுக்குப் படியே கிடையாதுங்களே ஐயா.”

“சரி, குளியலறையில விழுந்தார்னு சொல்லு.”

“அதுவும் கிடையாதுங்க.”

முதலாளியின் முகம் சுருங்கியது. “இங்க பாரும்மா. அந்த மனைக்கு இன்னும் அனுமதி வரலை. அனுமதி இல்லாத இடத்துல கட்டடம் கிடையாது. கட்டடம் இல்லைன்னா வேலை கிடையாது. வேலையே நடக்காத இடத்துல விபத்து எப்படி நடக்கும்? இதை நான் சொல்லலை, சட்டம் சொல்லுது.”

“மண்ணு சரிஞ்சுதுங்களே ஐயா. நான் கண்ணால பார்த்தேனே.”

“எந்த மண்ணு? போய்ப் பாரு, தரை கண்ணாடி மாதிரி இருக்கு.”

அவர் போன பிறகுதான், குழியை மூடச் சொல்லி வண்டியிலிருந்து தான் கத்தியது அவளுக்கே உறைத்தது. சாயங்காலம் ரேடியோ கட்டிலருகே வந்தான். வழக்கமான குரல் இல்லை. அவனும் மற்ற ஆட்களும் கெஞ்சிக் கூத்தாடித் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியை மனைக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் மட்டமாக்கிய மண்மேல் நின்றுகொண்டே, “எங்கேப்பா குழி?” என்று கேட்டாராம்.

“மூடிட்டோம்னு சொன்னோம். யாரு மூடச் சொன்னதுன்னு கேட்டாரு. முதலாளி சொன்னார்னு சொல்ல முடியலை அக்கா. அவர் சொல்லவே இல்லையே! அனுமதி எண் கேட்டாரு, அதுவும் இல்லை. இடமும் இல்லாம எண்ணும் இல்லாம நான் எதை எழுதுறதுன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு.”

வாயாடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “நான்தான்டா மூடச் சொன்னேன்.”

“நாங்க மட்டும் என்ன? மட்டப்பலகை வெச்சுப் பார்த்தோமே.” மீதியையும் சொன்னான். “இன்னைக்கு அனுமதி வந்துடுச்சாம் அக்கா. நாளைக்குக் காலையில காங்கிரீட். மதில் பக்கத்துத் தூணை உள்ளே தள்ளிக்கலாமாம், மறுபடி தோண்டாம அந்த ஓரத்துல மேலாகத் தளம் ஊத்தச் சொல்லிட்டாரு முதலாளி. ஊத்திட்டா குழி இருந்த தடமே போயிடும்.”

அவன் போனதும் புருஷன் கண்ணைத் திறந்தார். நடையில் முதலாளி பேசியது முதல் எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

“முதலாளி சொன்னபடி சொல்லிடு புள்ள. ஆஸ்பத்திரிக்காவது ஆகும். எனக்குக் கால் வந்தாப் போதும்.”

“வரலைன்னா?”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். பொய் சொன்னால் இன்றைக்கு மருந்து கிடைக்கும், ஆனால் ஆயுசு முழுக்க நடக்க முடியாத மனுஷனுக்கு ஒருவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நிஜத்தைச் சொன்னால் மருந்தும் நின்றுபோகும், நிஜத்தைக் காட்ட ஒரு பள்ளம்கூடக் கையில் இல்லை. ஏழைக்கு வருகிற கஷ்டம் இப்படியா நாலு பக்கமும் தாழ் போட்டுக்கொண்டு வர வேண்டும்!

விடிந்ததும் நாத்தனாரைக் கட்டிலருகில் உட்கார வைத்துவிட்டு மனைக்கு நடந்தாள். போய் என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. காங்கிரீட் லாரி வந்து நின்று, அதன் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. முதலாளி அனுமதித் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றார்.

“வந்தாச்சு! இனி யாருக்கும் எந்தப் பயமும் வேண்டாம். மதில் ஓரத்துலயிருந்து ஊத்த ஆரம்பிங்க.”

ஆட்கள் அசையவில்லை, மறுக்கவுமில்லை. சட்டியும் கையுமாகத் தலை குனிந்து நின்றார்கள். இந்த மாதத்துக்குப் பிறகு அடுப்பு எரிவது முதலாளிகளின் தயவில் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். இங்கே முறைத்துக்கொண்டவனை இன்னொரு மனையில் சேர்க்க மாட்டார்கள் என்பதும் தெரியும். வாயாடி அவர்களைப் பார்த்தாள். கோபம் வரவில்லை, அவளானாலும் அப்படித்தான் நின்றிருப்பாள். கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மட்டமாக்கிய இடத்தின் நடுவில் போய் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

“ஏய்! என்ன பண்றே நீ?”

“மூடின குழியைத் திறக்கிறேங்க ஐயா. நான்தானே மூடச் சொன்னேன்.”

“மேஸ்திரி! அவளைப் பிடிச்சு வெளியே அனுப்பு.”

மேஸ்திரி இறங்கி வந்தார். “தங்கச்சி, வேண்டாம்மா, மேல வா” என்றார். அவள் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே வெட்டினாள், வெட்டுகள் கோணல்மாணலாக விழுந்தன. அவர் அவள் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினார். இதுவும் போச்சு என்று நினைத்தாள்.

“நீ சட்டியை எடு” என்றார் மேஸ்திரி. “வெட்டுறது என் வேலை. அவனை இங்க இறங்கச் சொன்னது நான்.”

அதற்குப் பிறகு யாரையும் யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ரேடியோ கம்பியைப் போட்டுவிட்டு வந்தான். கொத்தனார் வந்தார், சித்தாள்கள் வந்தார்கள். இந்த முறை மண்ணைச் சரிவாக வெட்டி, அகலமாக ஒதுக்கிக்கொண்டு இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மதிலின் அடிக்கல் அந்தரத்தில் தொங்குவது தெரிந்தது, மண் பிய்ந்து விழுந்த தடம் தெரிந்தது.

“ஊத்துய்யா!” என்று முதலாளி லாரிக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

“ஆளுங்க நிக்கிறாங்களே சார்.”

“ஊத்த ஆரம்பிச்சா ஓடிடுவாங்க.”

“ஓடட்டும், அப்புறம் ஊத்துறேன்” என்றார் லாரிக்காரர். முன்பின் தெரியாத மனுஷன். இறங்கி வந்து குழியை எட்டிப் பார்த்தார். அப்புறம் லாரிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“அடுத்த மாசம் வேலை கேட்டு என் வாசல்லதானே வந்து நிப்பீங்க!” என்று முதலாளி ஆட்கள் பக்கம் திரும்பினார்.

“நிப்போம் சார்” என்றான் ரேடியோ. “எங்கேயாவது நிக்கிறதுதானே எங்க பொழைப்பு. இன்னைக்கு இங்க நிக்கிறோம்.”

ஆஸ்பத்திரியில் அவளைக் காணாமல் விசாரித்துக்கொண்டு போலீஸ்காரர் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். முதலாளி முந்திக்கொண்டார். “பாவம் சார், இவ புருஷன் வீட்டுல விழுந்துட்டாரு. இதுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு.”

“எங்கேம்மா விழுந்தார்?” என்றார் போலீஸ்காரர்.

கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிய புருஷன் முகம் வாயாடியின் கண்முன் வந்தது. இதைச் சொன்னால் நாளைக்கு மருந்துக்கு என்ன வழி? ஒரு வழியும் தெரியவில்லை. தெரியாமலேதான் சொன்னாள்.

“விழலைங்க. மண்ணு அவர்மேல விழுந்துச்சு. நான் நிக்கிற இந்த இடத்துல.”

“யார் பார்த்தது?”

“இறக்கிவிட்டவனே நான்தான். என் பேரை முதல்ல எழுதுங்க” என்றார் மேஸ்திரி. ரேடியோ, கொத்தனார், சித்தாள்கள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சொன்னார்கள். போலீஸ்காரர் எதையும் எழுதவில்லை. முதலாளியை ஒரு தரம் பார்த்தார், குழியை ஒரு தரம் பார்த்தார்.

“எல்லாரும் ஸ்டேஷனுக்கு வாங்க. அங்க பேசிக்கலாம்.”

அங்கே போனால் என்ன நடக்குமென்று யாருக்கும் தெரியாமல் இல்லை. எழுதலாம், எழுதாமல் விரட்டலாம், ஆட்களையே உள்ளே வைக்கலாம். எல்லோரும் போய்விட்டால் அந்த நேரத்துக்குள் குழி நிரம்பிவிடும், அதுவும் தெரிந்ததுதான். மேஸ்திரி கையைப் பிசைந்தார்.

“போனா குழி போகும். போகலைன்னா சாட்சி போகும். என்னம்மா பண்றது?”

குழி மேட்டில் நிழல் விழுந்தது. எதிர் மனையிலும் மூலை மனையிலும் மண் சுமக்கிறவர்கள், சட்டியோடு வந்து எவ்வளவு நேரமாக நின்றிருந்தார்களோ தெரியவில்லை. வாயாடிக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. கர்ப்பமாக இருந்த ஒருத்தி மட்டும் மேட்டிலேயே நின்றுகொண்டாள். மற்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி வந்து, இவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள்.

“எங்க குழிக்கும் அனுமதி வரலை” என்றாள் ஒருத்தி. “நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க அக்கா. அதுவரைக்கும் இதை யாரும் மூட மாட்டாங்க.”