உப்புக்காத்து படாத வண்டி

2014-ல் மஸ்கட்டிலிருந்து வந்த கையோடு என் வீட்டுக்காரர் ஆன்ட்ரூஸ் ஒரு சின்ன எஸ்யூவி வாங்கினார். கடியப்பட்டணத்தில் எங்கள் வீட்டு வாசலில் அது நின்றது மூன்றே நாள். "ஏட்டி, உப்புக்காத்துல துரு பிடிச்சிரும்" என்று, கடலைவிட்டுத் தள்ளி கோட்டாறில் கடை வைத்திருக்கும் என் தம்பி பெல்லார்மின் வீட்டு ஷெட்டில் கொண்டுபோய் விட்டார். சாவியையும் அவனிடமே கொடுத்தார். சும்மா கிடந்தால் பேட்டரி இறங்கிவிடுமாம். சொன்னால் கேட்கிற ஆளா?

அதிலிருந்து நாங்கள் காரில் எங்காவது போகணும் என்றால், முதலில் பஸ்ஸில் கோட்டாறுக்குப் போகணும். மைலேஜ் எவ்வளவு என்று பஸ்ஸில் யாராவது கேட்டால், கம்பெனிப் புத்தகத்தில் உள்ளதை அப்படியே ஒப்பிப்பார். ஓட்டினால்தானே வேறு கணக்கு தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நான விருந்துக்குப் போக வண்டி எடுக்கக் கிளம்பினோம். தம்பி போனை எடுக்கவில்லை. பஸ் வழியில் முட்டத்தில் நின்றபோது கடற்கரைப் பக்கம் பார்த்தேன். எங்கள் வண்டி மணலில் நின்றது. பானெட் மேல் பிள்ளைகளின் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது.

இறங்கி ஓடினோம். அலையில் நனைந்த தன் பிள்ளைகளை ஒவ்வொருத்தராக உள்ளே ஏற்றிக்கொண்டிருந்த தம்பி, எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"வாருங்க அத்தான், பின்னால இடம் இருக்கு. கால்ல உள்ள மண்ணை மட்டும் நல்லா தட்டிட்டு ஏறுங்க. வண்டி துரு பிடிச்சிரும்."