உள்ளே இருபத்தாறு டிகிரி

“யாருக்கு ஜுரம்?”

“எல்லாத்துக்கும்தான் சார். நாலாவது ஜுரம். செருப்பக் கழட்டுனாலும் உள்ள வுட மாட்டேன்.”

“பிள்ளைங்களுக்குமா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலியா?”

ராஜமேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பட்டுப்புழுவச் சொன்னேன் சார்.”

தோலுரிக்கும் முன் புழு இரை எடுக்காமல் அசையாமல் கிடப்பதைத்தான் ஏரியூர்ப் பக்கம் ஜுரம் என்பார்கள். ஓவர்சியர் பச்சியப்பன் சென்னையிலிருந்து வந்தவர். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கூரை வரை மூங்கில் தட்டுகள். பாய் இல்லை, அடுப்பு இல்லை.

இரட்டைச் சுவர், நடுவே காற்று, ஓட்டுக்கு அடியில் இன்னொரு ஓடு. கரண்டில்லாமலே குளிரும் வீடு. அவருடைய அலுவலகம் சோதனைக்காகக் கட்டி, ராஜமேரி குடும்பத்தைக் குடிவைத்திருந்தது. உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று சுவரிலிருந்த மீட்டர் காட்டும். நாளை மேலதிகாரிகள் பார்க்க வருகிறார்கள்.

“வெளியில முப்பத்தெட்டு, உள்ள இருபத்தாறு!” பெருமை அவரையும் மீறி வந்தது. உடனே குரலை உயர்த்தினார். “மனுஷங்க குடியிருக்கக் கட்டினதும்மா இது. இப்பவே எல்லாத்தையும் பழைய வீட்டுக்கு மாத்து.”

“அந்தத் தகர வூட்டுக்கா? போன வருசம் அதுலதான் அத்தனையும் வெந்து செத்துச்சு. ஜுரத்துல அசைச்சாலே போயிரும் சார்.”

“அப்ப நீங்க எங்க படுக்கறீங்க?”

“புளியமரத்தடியில. எனக்கு வேர்த்தா முந்தானையில வீசிக்குவேன். அதுங்களுக்கு முந்தானை இருக்குதா?”

“வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்றது?”

“குடித்தனக்காரங்க தூங்கறாங்கன்னு சொல்லுங்க.”

பச்சியப்பன் ஜீப்பிலிருந்த இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். “தட்டையெல்லாம் வெளியில எடுங்கப்பா!”

ராஜமேரி வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒரு பக்கக் கதவு நிலையில் சாய்ந்து, இரு கால்களையும் எதிர்ப்பக்க நிலை வரை குறுக்கே நீட்டினாள். “தாண்டிப் போங்க, பாக்கலாம்.”

பெண்பிள்ளையின் காலைத் தாண்டுவதா? ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் பீடியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கே திரும்பினான். மற்றவன் வானத்தைப் பார்த்தான். பச்சியப்பன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவள் காலை மடக்கவில்லை.

“நாளன்னிக்கு ஜுரம் தெளிஞ்சிரும் சார். அடுத்த வாரம் கூடு கட்ட ஆரம்பிக்கும். அப்ப உள்ள இத்தன ஈரம் ஆவாது, காத்து ஓடணும். இதே ஆளுங்களக் கூட்டிட்டு வந்து, அந்த வடக்குச் செவுத்துல பெருசா ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க சார்.”